தோளை வீடு

ஜனவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு எழுதுவது. நான் இங்கே சௌக்கியமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை ஒளிவு மறைவில்லாமல் எழுத வேண்டும்.

போன வாரம் போனில் அண்ணன் ஏதோ பேசினார். குரல் அவ்வளவு தேய்ந்துபோய், எனக்குக் காற்று மட்டும்தான் கேட்டது. இரண்டு முறை "என்னண்ணா?" என்றேன். மூன்றாவது முறை கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, கேட்ட மாதிரி "சரிண்ணா" என்று சொல்லிவைத்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கிணற்றில் குதிக்கச் சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டாயிற்று. அதனால் நீங்கள் சொன்னபடி இனிமேல் கடிதம்தான். அவரும் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

ஒரு ரகசியம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் சண்டை கற்றுக்கொள்கிறேன். அடிதடி இல்லை. தண்ணீருக்குள் நடப்பது போன்ற மெதுவான சண்டை. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். ஒரு மாஸ்டர் வருகிறார். சாம்பல் நிறச் சட்டை, பஞ்சு மாதிரி முடி. அவர் நிற்கிற முற்றத்தில் எப்போது பார்த்தாலும் பனிமூட்டம். ஒரு தடியன் ஓடி வந்து அவரைத் தள்ளுகிறான். அவர் யாரோ கூப்பிட்டது போல இடுப்பை லேசாகத் திருப்புகிறார். தடியன் பனிக்குள் போய் விழுகிறான். இறுக்கினால் பலம் போய்விடுமாம், தளர்த்தினால் வருமாம். உள்ளேயிருந்து வருகிற பலம் என்கிறார்.

அவர் பேசுகிற மொழி எனக்குத் தெரியாது. கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. அதை எழுதியது மனிதரா மெஷினா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "உங்கள் முழங்கால் மன்னிக்கப்பட்டது" என்று ஒரு நாள் வந்தது. "மூச்சை வயிற்றுக்கு அஞ்சல் செய்யவும்" என்று இன்னொரு நாள். ஆனால் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். "தோளை வீடு. முழங்கையை வீடு. இடுப்பை வீடு." ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். பிறகு பிடிபட்டது. உடம்பை ஒரு வீடாக ஆக்கிக்கொள் என்கிறார். தோள் ஓர் அறை, முழங்கை ஓர் அறை. கண்ணை மூடி நின்று ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கைப் போட்டுவிட்டு வருகிறேன். அப்போது மனதுக்குள் என்னவோ ஓர் அமைதி.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்து பேன்ட்டுக்கு ஓரம் அடித்து அடித்துத் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. வேறொன்றும் இல்லை.

அண்ணன் மறுபடி விழவில்லையே? அடுத்த மாதம் கண்டிப்பாக வருகிறேன்.

உங்கள் அன்பு,
சிட்டு


ஜனவரி 21

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதம் வந்தது, சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணன் இருக்கிறபடி இருக்கிறார்.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். வலது கை சும்மா இருக்கும்போதெல்லாம் நடுங்குகிறது. வாசல்படி வந்தால் கால் ஒட்டிக்கொள்கிறது. நடுக்கூடத்தில் நன்றாக நடப்பவர், அறைக் கதவருகில் போனதும் யாரோ தரையில் ஆணி அடித்துவைத்தது போல நின்றுவிடுகிறார். நான் பின்னால் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இந்த மாதம் இரண்டு முறை விழுந்தார். நடுக்குவாதம் இப்படித்தான் படிப்படியாகப் போகும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் பதற்றம் இல்லை, அலுப்புதான் இருக்கிறது.

அச்சகத்தில் பேசிவிட்டேன். பிழை திருத்தும் வேலையை வீட்டுக்கே கட்டுக்கட்டாக அனுப்பிவிடுகிறார்கள். ஒரு கண் எழுத்தின் மேல், ஒரு கண் இவர் மேல். இரண்டு பக்கமும் பிழை தப்பிவிடுகிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். "முழங்கால் மன்னிக்கப்பட்டது" என்ற இடத்தில் சிரித்து, புரையேறி, நான் முதுகைத் தட்டவேண்டியதாகிவிட்டது. மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். இப்போது காலையில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கி இறக்குகிறார். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவரல்லவா, மாஸ்டர் இடுப்பைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, "சரியா எண்ணெய் போட்டிருக்காங்க" என்றார்.

அடுத்த மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போன வருஷமும் உன் காலண்டரில் அடுத்த மாதம்தான் இருந்தது. இவருக்கு இந்த வியாதி என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. நீ ஒரு தடவை வந்து எட்டிப்பார்க்கவில்லை. இவர் கேட்பதில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்கிறார், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நலம். கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கடையில் பள்ளிச் சீருடை வேலை மலையாகக் குவிந்துகிடக்கிறது. முதலாளியம்மா ஒரு நாள் லீவு கொடுப்பதற்குள் நான் கிழவியாகிவிடுவேன். அதனால்தான் இந்த மாதமும் முடியவில்லை.

என் வீடு நன்றாக எழும்பி வருகிறது. கடை திறக்க நாற்பது நிமிஷம் முன்பே போய், துணி போட்டுப் பார்க்கும் அறையில் நின்று பயிற்சி. மூன்று பக்கமும் கண்ணாடி. நான் கையைத் தூக்கினால் வரிசையாக எத்தனையோ சிட்டுகள் கையைத் தூக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் நான் தூக்குகிறேனா அவர்கள் தூக்குகிறார்களா என்று தெரியாமல் போய்விடும். தோள் வீட்டுக்குள் இப்போது நல்ல வெளிச்சம். முழங்கை வீட்டில் ஒரு ஜன்னல்கூட வைத்திருக்கிறேன். இடுப்பு மட்டும் இன்னும் பூட்டியிருக்கிறது. சாவி எங்கே என்று தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஓர் அதிசயம். கடையின் இரும்பு ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. முதலாளியம்மாவும் பக்கத்துச் சாவிக்கடைக்காரரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். அசையவில்லை. நான் போய் உள்ளங்கையை வைத்தேன். மாஸ்டர் சொன்னபடி கையால் தூக்காமல், தோளைத் தொங்கவிட்டு, கால் தரையை அழுத்த, இடுப்பு எழும்ப, கை சும்மா கூடப் போயிற்று. ஷட்டர் சரசரவென்று மேலே போய்விட்டது. சாவிக்கடைக்காரர் அன்றிலிருந்து என்னை "மேடம்" என்கிறார்.

இன்னொன்று. என் வலது கையில் சக்தி வர ஆரம்பித்துவிட்டது. நின்று முடித்ததும் விரல்கள் தாமாக அசைகின்றன. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவே மெல்ல மெல்ல ஆடுகிறது. பதினாலாவது வீடியோவில் மாஸ்டர் இதைச் சொல்லியிருக்கிறார். "நடுக்கம் வரும். அஞ்ச வேண்டாம். ஆற்றல் கதவைத் தட்டுகிறது." அதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஒரே நாளில் அந்த இடத்தை இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அண்ணனை நாற்காலியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரை நேரம் தவற வேண்டாம்.

அன்புடன்,
சிட்டு


பிப்ரவரி 24

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

முதலில் ஒரு தொழில் விஷயம். முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவள், வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நேற்று உன் அண்ணனோடு உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். "தோளை வீடு" என்று வரும்போதெல்லாம் மாஸ்டர் என்ன செய்கிறார் என்று கவனித்தாயா? தோளைக் கீழே இறக்குகிறார். தளர விடுகிறார். அது வீடு இல்லையடி, விடு. "தோளை விடு. முழங்கையை விடு. இடுப்பை விடு." மெஷின் மேலே ஒரு சுழி போட்டுக் குறிலை நெடிலாக்கிவிட்டது. இது தெரியாமல் நீ ஜன்னல்வரைக்கும் வைத்துவிட்டாய். உன் அண்ணன் இதைக் கேட்டதும் சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவருக்கு மட்டும் அன்று தோள் நன்றாகத் தளர்ந்தது.

ஷட்டர் கதை அருமை.

உன் கை ஆடுவதாக எழுதியிருக்கிறாயே, அது டம்ளரைத் தூக்கும்போது ஆடுகிறதா, மடியில் சும்மா வைத்திருக்கும்போது ஆடுகிறதா? கேட்டு எழுதச் சொன்னது உன் அண்ணன். ஒரு விரலா, கட்டைவிரலும் சேர்ந்தா என்றும் கேட்டார்.

உடனே பதில் போடு.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். விரலில் ஊசி ஏறிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே நலம், அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன். தாள் தீர்ந்துபோய் இது ஒன்றுதான் மிச்சம், அதனால் கொஞ்சம் பொடியாக எழுதுகிறேன்.

உங்கள் பிழைதிருத்தம் கிடைத்தது. இரண்டு நாள் மாஸ்டர் முகத்தில் விழிக்கவில்லை. செங்கல் செங்கலாகக் கட்டிக் குடியும் போனவளிடம், இத்தனை நாளும் இடி என்றுதான் சொன்னேன் என்றால் எப்படி இருக்கும்? விடு என்று சொல்வது சுலபம் அண்ணி. கையில் இருப்பதை விட்டால் கீழே விழும். கடையில் கத்தரிக்கோல் விழுந்தாலே முதலாளியம்மா ஒரு பார்வை பார்க்கிறார்.

இப்போது இருபதாவது வீடியோவில் இருக்கிறேன். இதற்கு இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்து, ஒருவர் தள்ள ஒருவர் பின்வாங்கி வட்டம் போட வேண்டும். "எதிர்க்காதே. விட்டும் போகாதே." இந்த முறை எழுத்துப் பிழை இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். எனக்கு யார் இருக்கிறார்கள்? கடையில் சட்டை மாட்டிவைக்கிற துணிப்பொம்மையோடு செய்தேன். அதற்குக் கை கிடையாது. ஆனாலும் நன்றாக நிற்கிறது, எதையும் கேட்பதில்லை.

கை சரியாகிவிட்டது. அதைப் பற்றி அண்ணன் கவலைப்பட வேண்டாம்.

சிட்டு


மே 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

சுகம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன் என்று வைத்துக்கொள்.

உன் ஜனவரிக் கடிதத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு வரி. பிப்ரவரியில் இருபத்திரண்டு. ஏப்ரலில் முப்பத்தொன்று. தாள் தீர்ந்துபோய்ப் பொடியாக எழுதுகிறவள் அடியில் அரைப் பக்கத்தைக் காலியாக விடமாட்டாள். ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது ஓரளவுக்கு இருக்கிறது, முடியும்போது எறும்பாகிவிடுகிறது. இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. உன் அண்ணன் மூன்று கடிதத்தையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பிவைத்துவிட்டு, பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். அதில் அவருடைய பழைய வேலை நோட்டுகள். எந்தக் கட்டடத்தில் எந்த லிப்டைப் பார்த்தோம் என்று தினமும் எழுதுவாரே, அவை. டாக்டரிடம் போவதற்கு இரண்டு வருஷம் முன்பு எழுதியதைத் திறந்து உன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் இரண்டையும் பார்த்தேன். ஒரே கை எழுதியது போல இருந்தது.

உன் கையில் தட்டுவது எந்த ஆற்றலும் இல்லை. அது உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார். துணைக்கு ஆள் இல்லை என்றால் நான் ரயில் ஏறி வருகிறேன். இவரைப் பார்த்துக்கொள்ள இரண்டு நாளைக்கு யாரையாவது ஏற்பாடு செய்துவிடுவேன்.

இதை எழுத வேண்டாம் என்று அவர் தடுத்தார். அவள் பயந்துபோவாள் என்றார். பயப்படட்டும். பயந்தாலாவது ஏதாவது செய்வாய்.

அண்ணி


ஜூன் 11

சிட்டு,

ஐந்து வாரமாகிறது. போன் அடித்தால் எடுக்கவில்லை. கடைக்குப் போட்டேன், வேலையாக இருக்கிறாள் என்கிறார்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே இரு. நலம் என்று ஒரு வரி போதும். எறும்பு எழுத்தாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

அண்ணி


ஜூன் 29

சிட்டு,

அண்ணன் எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வரி. பூதக்கண்ணாடி வைத்துப் படி.

உன் அண்ணி கோபக்காரி. ஆனால் அவள் சொன்னது சரி.

எனக்கு நடுக்கம் ஆரம்பித்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷம். கையைப் பையில் வைத்துக்கொள்வேன். குளிர் என்பேன். ஒரு நாள் பதினொன்றாவது மாடியில் லிப்ட் மேலே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் கையிலிருந்து நழுவிவிட்டது. கீழே போய்ச் சேர்ந்து சத்தம் வர எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? அந்த நேரம் முழுக்கக் கீழே யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் இல்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. நான் சொல்லியிருந்தால் என்னை அன்று மேலே ஏற்றியிருக்க மாட்டார்கள்.

நீ ஊசியோடும் இஸ்திரிப் பெட்டியோடும் வேலை செய்கிறாய்.

அந்த மாஸ்டர் பலத்தைப் பற்றிச் சொல்வது எனக்குப் புரிகிறது. லிப்டை மோட்டார் மட்டும் தூக்குகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். மறுபக்கம் ஒரு எடை தொங்குகிறது. அது இறங்குவதால்தான் இது ஏறுகிறது. அந்த எடை இல்லாவிட்டால் மோட்டார் கருகிவிடும். நான் கருகினேன்.

நீ வராததில் எனக்கு வருத்தம் உண்டு. கோபம் இல்லை. ஏன் வரவில்லை என்று கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இருபதாவது வீடியோவை நானும் பார்த்தேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் இருக்கிறேன். வா.

அண்ணன்


ஜூலை 16

அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். அண்ணிக்கு என் மன்னிப்பைச் சொல். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணாடியில் அத்தனை சிட்டுகளும் அழுதார்கள். வாடிக்கையாளர் ஒருவர் வெளியே ஜாக்கெட்டோடு காத்திருந்தார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அவருக்குக் கை நீளத்தைக் குறைத்துக் கொடுத்தேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டேன். தாளில் எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். "எங்க அண்ணனுக்கு" என்றேன். அதைச் சொன்னதும் ஏனோ ஒரு பாரம் இறங்கியது. உனக்கு இருக்கிற அதேதான். ஆரம்பம்தான், மாத்திரை கேட்கும் என்கிறார். முதலாளியம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஏற்கெனவே தெரியும் என்றார். மூன்று மாதமாக என் பொத்தான் துளைகளை இரவோடு இரவாக அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

உன்னிடம் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உன் எதிரே வந்து நிற்க முடியாது.

தோள்பட்டை வலி என்று எழுதியது பொய். "கை நடுக்கத்தை நிறுத்துவது எப்படி" என்று செல்போனில் தேடினேன். அதில்தான் மாஸ்டர் வந்தார். அது போன வருஷம். இன்னொரு பொய், நான் வரவே இல்லை என்று உங்களை நினைக்க விட்டது. வந்தேன், அண்ணா. போன அக்டோபரில். பையில் உனக்கு நான் தைத்த சட்டை இருந்தது. பொத்தான் இல்லாமல், இழுத்து மாட்டிக்கொள்கிற மாதிரி தைத்திருந்தேன். உங்கள் தெரு முனையில் இறங்கி, எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில் நின்றேன். உங்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நீ அறைக்குள் போகக் கதவருகில் நின்றுகொண்டிருந்தாய். அண்ணி பின்னால் எண்ணிக்கொண்டிருந்தார். உன் கால் நகரவில்லை. உன் வலது கை, நூல் முனையைத் திரிப்பது போல, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் திரித்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது. பிறகு குனிந்து என் கையைப் பார்த்தேன். அதுவும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். அது உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. எதிரே நிற்பது நான்தான் என்று தோன்றிவிட்டது. நான் கோழை, அண்ணா. இவ்வளவு நாளும் பனிமூட்டத்துக்குள் நின்றுகொண்டு கையை ஆட்டியதெல்லாம் உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான்.

ஆகஸ்ட் 2 காலை ரயில். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். இந்த முறை மருந்துக்கடையில் நிற்க மாட்டேன்.

சிட்டு


ஆகஸ்ட் 20

அன்புள்ள சிட்டுவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்து நிம்மதி. இங்கே இருவரும் நலம். அவர் நீ தைத்த சட்டையில்தான் இருக்கிறார். துவைக்கக் கேட்டால் நாளைக்கு என்கிறார். உங்கள் குடும்பத்தின் காலண்டர் அப்படி.

நீ இருந்த பத்து நாளும் நான் சமையலறையில் நின்று வேலை செய்வது போல நடித்துக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் காலையில் கூடத்து வெயிலில் நீங்கள் இருவரும் எதிரெதிரே நின்று மணிக்கட்டைச் சேர்த்தீர்களே, அதைச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் வெட்கம். அவர் தள்ளினார், நீ பின்வாங்கினாய். நீ தள்ளினாய், அவர் பின்வாங்கினார். கை வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. எது உன் நடுக்கம், எது அவர் நடுக்கம் என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்படியே மெல்லச் சுற்றிச் சுற்றிக் கதவருகில் வந்தீர்கள். நான் எண்ண வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் படியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றார். அவருக்கே தெரியவில்லை. நீயும் கவனிக்கவில்லை. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டேன். அடுத்த நாள் கால் ஒட்டிக்கொண்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. இது மந்திரம் இல்லை. ஆனால் பத்து நாளில் நாலு நாள் தாண்டினார்.

நவம்பரில் மெஷினைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவதாக நீ சொன்னதை நான் மறக்கவில்லை. முன்னறையில் என் அச்சகக் கட்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் உனக்கு ஊசி கோக்கப் போதும். உன்னால் முடியாத அன்றைக்கு நான் கோத்துத் தருகிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நீ ரயில் ஏறிய அன்று மாலை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் எழுப்பப் போய் இடுப்பில் கையைக் கொடுத்தேன். அப்போது சொன்னார்: "ரெண்டு வருஷமா நீ என்னைப் பிடிச்சுக்கிட்டே இருக்க. அவ வந்து தொட்டா."

குறையாகச் சொல்லவில்லை. சும்மா, மழை வரும் போலிருக்கு என்பது மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். குளிக்க வைக்கப் பிடிக்கிறேன், எழுப்பப் பிடிக்கிறேன், விழாமலிருக்கப் பிடிக்கிறேன். விழுந்துவிடுவாரோ என்று தூக்கத்தில்கூடச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் பிடிதான்.

மறுநாள் காலையில் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் எதிரே நின்றேன். என் மணிக்கட்டை அவர் மணிக்கட்டின் மேல் வைத்தேன்.

"இறுக்காத," என்றார்.

"இறுக்கலையே," என்றேன்.

"இறுக்குற."

அப்படியே நின்றோம். மாஸ்டர் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, நான் படிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோள் தானாகக் கீழே இறங்கியது. அது அவ்வளவு நாளாகக் காதுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இறங்கியதும் அழுகை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அவர் கையை எடுக்கவில்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடு. முதலாளியம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி